தார் ரோட்டோடு நின்றுவிடும் நிவாரணம்

இந்த வாரம் கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன். நான் கோபப்பட்டால் எங்கள் வீட்டுப் பூனைகூட வாலைச் சுருட்டாது என்பது வேறு விஷயம். ஆனாலும்... வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தாமிரபரணி போன வாரம் ஊருக்குள் வந்துவிட்டுப் போனதை நீங்களும் படித்திருப்பீர்கள். வண்ணார்பேட்டையில் என் வீட்டு வாசல்படி வரை வந்தது. எட்டிப் பார்த்தது. உள்ளே ஒன்றும் தேறாது என்று தெரிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டது. என் ஸ்கூட்டர் மட்டும் வாழ்நாளில் முதல்முறையாக நன்றாகக் குளித்தது.

மழை விட்டதும் எங்கள் தெரு ஜவுளிக்கடை அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கல்யாண மண்டபத்தில் கூட்டமாம், உடனே வரணுமாம்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது. தெருவில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம், காலில் செருப்பு கிடையாது. விரதம் என்றால் விரதம்தான். பக்கத்து டீக்கடையில் கிளாஸைக்கூடத் தொட மாட்டார்.

"வாரும் வே! ஒம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். வெள்ளத்துல அடிபட்ட சனத்துக்கு நம்ம தெரு சார்பா பெருசா செய்யணும். பிளானிங் பூரா நீரு பாத்துக்கிடும். ஒமக்குத்தான் வாராவாரம் எழுத வருதுல்லா!"

எழுத வருவதற்கும் பிளானிங்குக்கும் என்ன சம்பந்தம்? என் வீட்டில் மார்க்கெட்டுக்கு எந்தப் பையை எடுத்துப் போவது என்பதைக்கூட நான் பிளான் பண்ண அனுமதி கிடையாது. ஆனால் பதவி என்று ஒன்று தேடி வந்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டேன்.

"எந்த ஊருக்குப் போறோம் அண்ணாச்சி?"

மண்டபமே என்னை ஒரு மாதிரி பார்த்தது.

"எந்த ஊரா இருந்தா என்ன வே? ஆத்துப் பக்கம் போனா எல்லாம் தண்ணிக்குள்ள கெடந்த ஊருதான்."

"இல்ல, அவியளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா..."

"எல்லாந்தான் வேணும். தண்ணில பறிகொடுத்தவன் அது வேணும், இது வேண்டாம்னா சொல்லுவான்?"

"ஒருத்தரு மொபெட்டுல முன்னால போயி, என்ன ஏதுன்னு கேட்டுட்டு வந்துட்டாருன்னா..."

பின்வரிசையிலிருந்து பலசரக்குக் கடைக்காரர் குரல் கொடுத்தார்: "என்ன வே, நாம பொண்ணு பாக்கவா போறோம்? முன்னால ஒரு ஆளு போயி வீடு வாசல் பாத்துட்டு வாரதுக்கு?"

மண்டபம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது நாமும் சிரித்துவிட்டால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது.

என் பிளானிங் அத்தோடு முடிந்தது. மீதியெல்லாம் தானாக நடந்தது. அதாவது, கல்யாணம் மாதிரி நடந்தது. எங்கள் ஊரில் நாலு பேர் கூடிப் பெரிதாக ஒன்றைச் செய்யணும் என்றால் எங்களுக்குத் தெரிந்தது கல்யாணம் ஒன்றுதான். சமையலுக்குத் தவசுப்பிள்ளைக்குச் சொல்லியாயிற்று. வாழையிலைக்கு ஆள் போயாயிற்று. மெனு புளியோதரை. கூடவே தயிர் சாதம் வேண்டுமா என்று ஒரு விவாதம். போகிற வழியில் புளித்துவிடும் என்று ஒரு கட்சி, புளிக்காவிட்டால் அது என்ன தயிர் என்று இன்னொரு கட்சி. புளியோதரையில் முந்திரிப்பருப்பு போடுவதா, வேர்க்கடலை போதுமா என்பதற்கு ஓட்டெடுப்பு நடக்காத குறை. முந்திரி ஜெயித்தது.

அண்ணாச்சி கடையிலிருந்து சேலைகள். தீபாவளிக்குப் போகாமல் நின்றுவிட்ட பாலியஸ்டர் சேலைகள்.

"வெறுங்கையால தூக்கிக் குடுக்கப்படாது வே. தாம்பாளத்துல வச்சு, வெத்தல பாக்கு மஞ்சக் குங்குமத்தோட, நானே என் கையால குடுக்கேன். வாங்குதவியளுக்கும் ஒரு மரியாத வேணும்லா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் மண்டபத்து அண்டாக்களோடு லாரி புறப்பட்டது. முன்னால் அண்ணாச்சியின் அம்பாசிடர். அதில் தாம்பாளங்கள், சேலைக் கட்டுகள், போட்டோக்காரர். நான் லாரியில், அண்டாக்களுக்கு நடுவில். பிளானிங் ஆசாமி சரக்கோடுதான் இருக்கணுமாம். லாரி ஓட்டிய தங்கராசு ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பிப் பார்த்து, "சார், பத்திரமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அண்டாவைத்தான் கேட்கிறான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மேலத்தோப்பு என்ற ஊரில் நிறுத்தினோம். ஏன் மேலத்தோப்பு? அங்கேதான் தார் ரோடு முடிகிறது. ஊருக்கு அப்பால் ஒரு கால்வாய். அதன் மேல் இருந்த சின்னப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வண்டி அதற்கு மேல் போகாது. அவ்வளவுதான் காரணம். வேறு எந்த ஆராய்ச்சியும் கிடையாது.

ரோட்டோரம் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க. எந்த ஊரு? வண்ணார்பேட்டையா? என்ன கொண்டாந்திருக்கிய?"

"புளியோதரை" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

அவர் முகம் விழுந்துவிட்டது. "புளியோதரை நேத்தே வந்துட்டுதே அண்ணாச்சி! இன்னைக்குக் காலம்பற எலுமிச்சஞ்சாதம். இப்பந்தான் ஒரு வேன்ல சாம்பார் சாதம் எறக்கிட்டுப் போறாவ. நாங்களும் எம்புட்டுத்தான் திங்க?" பிறகு என் மேல் பரிதாபப்பட்டு, "வட கிட போட்டுக் கொண்டாரலியோ?" என்றார்.

சுற்றிலும் பார்த்தேன். பொட்டலங்கள், பொட்டலங்கள்... பிரித்தது, பிரிக்காதது, மிதித்தது. தெரு நாய்கள் ஒரு பொட்டலத்தை முகர்ந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தன. மேலத்தோப்பில் தெருவுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் எல்லாம் காரை பூசிய கெட்டி வீடுகள். தண்ணீர் வந்த வழியே போய்விட்டது.

"கால்வாய்க்கு அங்கிட்டு என்ன ஊரு?"

"அது கீழத்தோப்பு. ஆத்தோரமா இருக்கு. பூராவும் மண்சுவரு வீடுவ... எல்லாம் கரைஞ்சு போச்சு."

நேற்று பஸ் லேட்டு என்று சொல்வதுபோல் சொன்னார்.

"அங்கன யாரு போனா?"

"யாரு போவா? அதான் பாலம் போச்சே. அவியளுக்குத் தனியா வரும்."

தனியா வரும்! யார் கொண்டு வருவார்கள்? எது வழியாக? ஆகாயத்திலிருந்தா? ஊர் ஊராக அண்டா அடுப்பில் ஏறுகிறது, லாரி லாரியாகச் சாதம் புறப்படுகிறது, எல்லா லாரிக்கும் ஒரே ரோடு, எல்லா ரோடும் ஒரே இடத்தில் முடிகிறது. வெள்ளம் பள்ளத்தைத் தேடிப் போகிறது. நிவாரணம் தார் ரோட்டைத் தேடிப் போகிறது. இரண்டும் எங்கே சந்திக்கும், சொல்லுங்கள்?

அதற்குள் அண்ணாச்சி தாம்பாளத்தோடு நின்றுவிட்டார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். சேலை, வெற்றிலை, மஞ்சள், குங்குமம். போட்டோக்காரர் பளிச், பளிச் என்று அடித்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்களில் சிலர் அண்ணாச்சி வீட்டு விசேஷத்துக்கு வந்த மாதிரி பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் இடுப்பு வரை நனைந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். காலில் சேறு. பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் முறை வந்தது. தாம்பாளத்தை நீட்டினார் அண்ணாச்சி. அவள் கையை நீட்டவில்லை.

"சாமி, எனக்குச் சேல வேண்டாம். ஒரு போர்வ இருக்கா? கம்பளி, ஜமுக்காளம்... எதுன்னாலும் சரி. காஞ்சதா இருக்கணும்."

"எந்த ஊரு தாயி நீ?"

"கீழத்தோப்பு சாமி. எம் பேரு இசக்கியம்மா. எந் தங்கச்சி பேச்சிக்கு தண்ணி வாரதுக்கு மொத நாளுதான் பிள்ள பொறந்துச்சு. பொம்பளப் பிள்ள. ஊருல ஒரு துணி காயல. பிள்ள ஈரத்துலயே கெடக்கு. ராத்திரி பூரா வெடவெடன்னு நடுங்குது. இப்பம் அழுதாக்கூடச் சத்தம் வரல."

அண்ணாச்சியின் கை தாம்பாளத்தோடு பின்னால் போனது. அப்புறம் அண்ணாச்சியும் பின்னால் போனார்.

"பிள்ள பெத்த வீடா?"

"ஆமா சாமி."

"தாயி, மாலை போட்டிருக்கேன். தீட்டுல்லா... ஒண்ணும் நெனச்சுக்கிடாத. பதினாறு நாள் கழியட்டும். பெத்தவளையே நேர்ல கூட்டிட்டு வா. நேரா எங் கடைக்கே வாங்க. நல்ல சேலையா நானே எடுத்துத் தாரேன்."

சும்மா சொல்லவில்லை. போனால் நிச்சயம் எடுத்துத் தருவார். அதுவும் ஒஸ்தியாக. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவர் என்றால் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இசக்கியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள தண்ணி வரும்போது தீட்டுப் பாத்துட்டு வரலையே சாமி!"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். வரிசையிலிருந்து ஒருத்தி, "ஏட்டி, சாமிகிட்ட என்ன பேச்சு பேசுத?" என்றாள். அண்ணாச்சி குனிந்து தன் மாலையைத் தொட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து வீரம் வந்ததோ தெரியவில்லை. "அண்ணாச்சி, நீங்க குடுக்க வேண்டாம். நான் குடுக்கேன். எனக்கு எந்த விரதமும் கெடையாது. நேத்துக்கூட ஆம்லெட் தின்னேன்" என்றேன்.

"குடுமய்யா, யாரு வேண்டாம்னா? என்னத்தக் குடுப்பீரு? நம்மகிட்ட போர்வ இருக்கா?"

இல்லை.

லாரியில் முந்திரிப்பருப்பு இருந்தது. அம்பாசிடரில் சந்தனம் இருந்தது. மண்டபத்திலிருந்து பழக்கதோஷத்தில் யாரோ பன்னீர்ச் செம்பைக்கூடத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்த ஜனங்களைப் பார்க்கப் போகிறோம், ஆனால் காய்ந்த போர்வை ஒன்றுகூட எங்களிடம் இல்லை! இந்த லட்சணத்தில் பிளானிங் யார் என்று கேட்காதீர்கள்.

ஒரு சேலையை எடுத்து இசக்கியம்மாவிடம் நீட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த வழுவழுப்ப வச்சு என்ன செய்யச் சொல்லுதிய? பச்சப்பிள்ள ஒடம்புல நிக்காது. ஈரம் பட்டா ஐஸுக்கட்டியாட்டம் இருக்கும்." சேலையை என் கையிலேயே வைத்தாள். "நான் போறேன். பாபநாசம் டேமுல தண்ணி தொறக்காவளாம். கால்வா ஏறிச்சுன்னா அப்புறம் போக முடியாது."

போயே விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். "இரு தாயி! எப்படியாவது ஒண்ணு கொண்டாரேன்!" என்று வீர வசனம் பேசிக்கொண்டே ஓடியதில் கால்வாய்க் கரைச் சேற்றில் கால் வழுக்கி, உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் பயணம் செய்தேன். ஒரு செருப்பு தண்ணீரோடு போனது. வேட்டி, சட்டை, மூஞ்சி எல்லாம் ஒரே கலர்.

இசக்கியம்மா திரும்பி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "போர்வ இருக்கட்டும். நீரு மொதல்ல எந்திரியும்" என்றாள். பிறகு இரண்டு கரை மரங்களுக்கும் நடுவே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கலங்கல் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனாள்.

நான் மேலத்தோப்பில் வீடு வீடாகக் கேட்டேன். ஒரே ஒரு பழைய போர்வை. பச்சைக் குழந்தைக்கு. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "எல்லாம் நனைஞ்சு போச்சு அண்ணாச்சி." சரி, மழைக்காலம்தான். ஆனால் நனைந்த போர்வை ஒன்றையாவது ஏதாவது ஒரு கொடியில் பார்க்கணுமே? காணோம். கால்வாயைத் தாண்டிப் போகிற போர்வை திரும்பி வராது, வந்தாலும் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதற்குச் சொல்லணும்? எல்லோரும் இந்த ஜில்லாக்காரர்கள்தானே, நமக்குத் தெரியாதா?

அப்போதுதான் அந்தப் பெரிய லாரி வந்தது. வடக்கே எங்கோ தூரத்திலிருந்து புறப்பட்டு வந்திருந்தது. பின்னால்... நம்பினால் நம்புங்கள்... போர்வைகள்! கட்டுக் கட்டாக, காய்ந்த, கனத்த போர்வைகள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முன்சீட்டிலிருந்து தொப்பி போட்ட ஒருவர் விசிலோடு இறங்கினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"சார், நான் வண்ணார்பேட்டை. எங்க தெருவுல இருந்து நிவாரணம் கொண்டுவந்திருக்கோம். ஒரு போர்வை வேணும்..."

"கொண்டுவந்தவங்களுக்குக் கிடையாதுங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும்தான்."

"எனக்கில்ல சார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை..."

"குழந்தையோட அம்மா நேர்ல வரணும்ங்க. போன ஊர்ல ஒரே ஆளு தெருவுக்கே வாங்கித் தர்றேன்னு கட்டோட வாங்கிட்டுப் போய் வித்துட்டான். அதிலேர்ந்து ரூல்னா ரூல்தான்."

"பிள்ளை பெத்தவ சார், எழுந்திரிக்க முடியாது. நடுவுல பாலம் கிடையாது..."

"பாவம்தாங்க" என்று சொல்லி விசிலை ஊதினார். வரிசை நிற்கத் தொடங்கியது.

யோசித்துப் பாருங்கள். நம் அண்ணாச்சிக்கு ஒரு விரதம், இவருக்கு ஒரு ரூல். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: நேரில் வரணும். நடக்க முடிந்தவன்தான் நேரில் வருவான். நடக்க முடிந்தவனுக்கு அவ்வளவாகத் தேவை இருக்காது. கொடுக்கிறவன் ஒரு அடி இறங்கி வர மாட்டான். நனைந்தவள்தான் இன்னும் ஒருமுறை நனைந்து வரணும். இதற்குப் பெயர் உதவியா?

கோபத்தில் லாரியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். அங்கே போர்வை கொடுப்பது வேறு ஆள். சைடு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சேறு. கலைந்த தலை. ஒற்றைச் செருப்பு. என்னைவிடப் பாதிக்கப்பட்ட ஆள் அந்த வட்டாரத்திலேயே யாரும் இருக்க முடியாது!

வரிசையில் நின்றுவிட்டேன்.

"வாங்க பெரியவரே" என்றார் போர்வைக்காரர். எனக்கு நாற்பத்தேழு வயதுதான் ஆகிறது. வேறு சமயமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். "என்னென்ன போச்சு பெரியவரே?"

"எல்லாம் போச்சு."

"மாடு கன்னு?"

"அதுவும் போச்சுய்யா." என் பரம்பரையிலேயே யாரும் மாடு வைத்திருந்தது கிடையாது. ஆனால் சொல்லும்போது குரல் உண்மையாகவே உடைந்துவிட்டது. அக்கரையில் கிடக்கும் பிள்ளையை நினைத்தேனோ, இல்லாத மாட்டை நினைத்தேனோ, தெரியவில்லை.

போர்வையை நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்தேன். விடவில்லை அவர். போட்டோ!

"பெரியவரே, இங்கே பாக்காதீங்க. போர்வையைப் பாருங்க" என்றார் அவர்கள் கேமராக்காரர். "இன்னும் கொஞ்சம் சோகமா... இவ்வளவு வேண்டாம். முகத்துல ஒரு நன்றி வரட்டும்."

வந்தது. ஃப்ளாஷ்தான் வரவில்லை. போர்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பேட்டரி மாற்றினார்கள். மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் சோகம், மறுபடியும் நன்றி. கால்வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது! ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு கிடக்கிறது! நான் இங்கே முகபாவம் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கரைக்கு ஓடி வந்தேன். அங்கே தங்கராசு பொட்டலம் கட்டிக் காலியான அண்டா ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தங்கராசு, போர்வைய நனைக்காம அக்கரைக்குக் கொண்டுபோகணும்டா."

அவன் போர்வையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அண்டாவைத் துடைத்து, போர்வையை உள்ளே வைத்து, மேலே கொஞ்சம் புளியோதரைப் பொட்டலங்களையும் அடுக்கி, அண்டாவைத் தண்ணீரில் இறக்கிவிட்டான். அது தேர் மாதிரி ஆடிக்கொண்டு மிதந்தது.

"ஏலே தங்கராசு! மண்டபத்து அண்டாலே அது! விரதச் சமையல் செஞ்ச அண்டா!" ரோட்டிலிருந்து அண்ணாச்சியின் குரல்.

"வெளக்கிக்கிடலாம் அண்ணாச்சி!"

தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்து, நீச்சல் தெரியாத ஆசாமி நான். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அண்டாவின் வளையம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, தொப்பைக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. பின்னால் அண்ணாச்சி மறுபடியும் கத்தினார்: "பைய வே! பாத்துக் கால வையும்! போனாப் போகுது அண்டா!"

நான்தான் சொன்னேனே, நல்ல மனுஷர் என்று.

கீழத்தோப்பில் ஊர் இல்லை. மண்மேடுகள் இருந்தன. மேடு மேடாக இருப்பதை வைத்து இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று சொல்லிக்கொண்டே இசக்கியம்மா கூட்டிப் போனாள். நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு கட்டடம். கான்கிரீட்டில் கட்டிய சின்னப் பிள்ளையார் கோயில். ஊரே அதற்குள்தான் இருந்தது. பிள்ளையாருக்குப் பக்கத்தில், மழைச் சாரல் படாத மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பேச்சி. சின்னப் பெண். மடியில் ஈரத்துணிக்குள் குழந்தை.

பிள்ளை பெற்றவள், தீட்டோடு, கருவறைக்குள்! பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ரெண்டு பேர் வந்தாலும் உட்காரட்டும் என்று கொஞ்சம் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

"யாருக்கா இவுக?" என்றாள் பேச்சி.

"போர்வ கொண்டாரேன்னு சொல்லிட்டு வழுக்கி விழுந்தாவல்லா... அவுக."

ஈரத்துணியை உருவி எறிந்துவிட்டு, குழந்தையைப் போர்வையில் சுற்றி, பேச்சி நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. இசக்கியம்மா போர்வைக்குள் கையை விட்டு அந்தக் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து, போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல். பிறகு ஒரு சிணுங்கல். பிறகு... ஐயோ, என்ன சத்தம்! கோயிலே அதிரும்படி ஒரு வீறிடல். மொத்த ஊரும் சிரித்தது. என் பிள்ளைகள் அழுத காலத்தில் தூங்குவதுபோல் நடித்தவன் நான். அன்றைக்கு அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிடக் கூடாதே என்று நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அழட்டும், அழட்டும். நல்லா அழுவு தாயி" என்றாள் இசக்கியம்மா. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது மறுபடியும் பதவி ஞாபகம் வந்துவிட்டது. "வேற என்ன வேணும்? சொல்லு தாயி, நான் ஏற்பாடு பண்ணுதேன்."

"ரோட்டுல இன்னும் லாரி வருதா அண்ணாச்சி?"

"வந்துக்கிட்டேதான் இருக்கு."

"அப்பம் ஒரு லாரியில பாலத்த ஏத்திவிடச் சொல்லுங்க. பனந்தடி, பலக... என்னத்தையாவது. மத்தத நாங்க நடந்து வந்து வாங்கிக்கிடுதோம்."

கொண்டுவந்த புளியோதரையைப் பிரித்துத் தின்றார்கள். முந்திரிப்பருப்பை மட்டும் பொறுக்கி எடுத்துப் பேச்சிக்குக் கொடுத்தார்கள்.

அண்டாவை அங்கேயே விட்டுவிட்டு, ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு இக்கரை சேர்ந்தேன். வீட்டுக்கு வந்து அண்ணாச்சியிடம் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். உன்னிப்பாகக் கேட்டார். "நல்ல காரியந்தான் வே. செய்யணும். மலைக்குப் போயிட்டு வந்துருதேன், பொறவு உக்காந்து பேசுவோம்" என்றார். அவர் மலைக்குப் போய்விட்டு வருவது தை மாதம். அதுவரை கீழத்தோப்பு கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்வரும்.

நான் காத்திருக்கவில்லை. இன்றைக்குக் காலையில் மரக்கடைக்குப் போய்ப் பனந்தடிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஏற்றிப் போகத் தங்கராசு லாரி தருகிறான். கூடவரும் வாசகர்கள் வேட்டியை மடித்துக் கட்டத் தெரிந்தவர்களாக இருந்தால் போதும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதாம். தங்கராசு அண்டாவை எடுக்கப் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

இதற்கு நடுவில் பேப்பரில் என் படம் வந்துவிட்டது. 'வெள்ளத்தில் வீடு வாசல், கால்நடைகளை இழந்த விவசாயி கண்ணீர் மல்கப் போர்வை பெறுகிறார்.' ஆபீஸில் மேனேஜர் என் தோளைத் தட்டி, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார். "இத்தனை வருஷத்துல உங்க முகத்துல நன்றின்னு ஒண்ணை இப்பத்தான் பாக்கேன்" என்றாள் என் மனைவி.

வீடு போன கீழத்தோப்புக்காரர்களின் படம் மட்டும் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அதற்குப் போட்டோ எடுக்கிறவர் தண்ணீரில் இறங்கணுமே!